காஷ்மீர்ப் பாடத்தில் காஷ்மீரிகளையும் சேருங்கள்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு சொல்லித்தரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் ஓர் இரவு, மறுநாள் தேர்வுக்குக் கேள்வி கேட்கச் சொல்லி நோட்டை என் கையில் கொடுத்தாள். காஷ்மீர் பற்றி அதில் நான்கு வரி இருந்தது. மன்னர் ஹரி சிங் முடிவெடுக்கத் தயங்கினார். பழங்குடிப் படையினர் எல்லை தாண்டி நுழைந்தார்கள். 1947 அக்டோபர் 26 அன்று மன்னர் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் இந்திய ராணுவம் ஸ்ரீநகரில் விமானத்தில் போய் இறங்கியது. நான்கு வரியும் சரிதான். தேதியைக் கேட்டேன், பட்டென்று சொன்னாள். "அப்ப அங்க இருந்த ஜனங்க என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன். நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது நோட்ஸ்ல இல்லப்பா" என்றாள்.

அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவளுக்குப் பாடம் எடுப்பவரையும் அல்ல. முப்பத்தைந்து நாளில் முடிக்க வேண்டியதை இருபது நாளில் முடிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் நான்கு வரிதான் எழுதிப்போட முடியும். ஆனால் அந்த நான்கு வரியில் ஒரு மன்னர் இருக்கிறார், ஒரு படை இருக்கிறது, ஒரு பத்திரம் இருக்கிறது. அந்த மண்ணில் பிறந்து, அந்த மண்ணுக்காகக் கூட்டம் கூட்டி, சிறைக்குப் போய், கட்சி கட்டிய ஒருவர் பெயர்கூட இல்லை. நம் பிள்ளைகள் பெரியவர்களாகித் தொலைக்காட்சி விவாதத்தில் காஷ்மீர் பற்றிக் கேட்கும்போது, அதை இரண்டு பேருக்கு நடுவே கிடக்கும் வேலித் தகராறாகவே புரிந்துகொள்கிறார்கள். அந்த நிலத்தில் ஆள் இருந்தார்கள் என்பதே அவர்கள் மனத்தில் பதிவதில்லை. இதை மாற்ற உங்களால்தான் முடியும் என்று நம்பி எழுதுகிறேன்.

எனக்கு அப்படி ஒருவர் முதலில் அறிமுகமானது கோடைக்கானலில். எங்களுக்கு ஊர் வத்தலக்குண்டு. அப்பா இளவயதில் கோடையிலிருந்து மதுரைக்கு முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் ஏற்றிவரும் லாரியில் கிளீனராக இருந்தார். சின்ன வயதில் ஒருமுறை என்னை மேலே அழைத்துப் போனபோது, ஒரு பங்களாவைக் கைகாட்டி, "காஷ்மீர் சிங்கம்னு சொல்வாங்களே, அவர இங்கதான் வச்சிருந்தாங்க. அவங்க ஊருக்கே பிரதமரா இருந்தவரு" என்றார். ஒரு மாநிலத்துக்குப் பிரதமரா, அவரை ஏன் நம்மூர் மலையில் கொண்டுவந்து வைத்தார்கள் என்ற இரண்டு கேள்வியும் அன்றிலிருந்து என்னோடு வந்தவை.

கோஹினூர் என்ற அந்தப் பங்களாவில் காவலில் இருந்தவர் ஷேக் அப்துல்லா. 1965 மே மாதம் ஹஜ் பயணம் முடித்து டெல்லி விமான நிலையத்தில் இறங்கியதும் பிடித்து, முதலில் ஊட்டிக்கும் பிறகு கோடைக்கும் கொண்டுவந்தார்கள். அவர் முழுமையாக விடுதலையானது 1968 ஜனவரியில். ஆனால் கதையை அங்கிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். நீங்களும் 1947 அக்டோபரிலிருந்து தொடங்காதீர்கள். அதுதான் என் முதல் வேண்டுகோள்.

1846 மார்ச்சில், அமிர்தசரஸ் ஒப்பந்தத்தின்படி, கிழக்கிந்தியக் கம்பெனி காஷ்மீரை 75 லட்சம் நானக்ஷாகி ரூபாய்க்குக் குலாப் சிங் என்ற ஜம்முவின் டோக்ரா அரசருக்குக் கொடுத்தது. நிலமும் அதில் வாழ்ந்தவர்களும் ஒரே பத்திரத்தில் கைமாறினார்கள். கொடுத்த காசை வசூலிக்கிற மாதிரித்தான் அடுத்த நூறாண்டு ஆட்சியும் நடந்தது. நம் வீடுகளில் கல்யாணச் சீராக மடித்துவைக்கும் காஷ்மீர்ச் சால்வை இருக்கிறதே, அதை நெய்தவர்கள் மீது விதித்த வரி அவர்களைத் தறியோடு கட்டிப்போட்டது. 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் ஜால்தகரில் அந்த நெசவாளர்கள் கூலிக்காகவும் வரிக்குறைப்புக்காகவும் ஊர்வலம் போனார்கள். படை விரட்டியதில் வாய்க்காலில் விழுந்து 28 பேர் இறந்துபோனார்கள். இப்படி ஒரு நெசவாளர் போராட்டம் நடந்ததென்று காஞ்சிபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பின்வரிசைப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

1929-இல் அந்த சமஸ்தானத்தின் அமைச்சரே பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். ஆல்பியன் பானர்ஜி என்று பெயர், முன்பு கொச்சியிலும் மைசூரிலும் திவானாக இருந்தவர். எழுத்தறிவற்ற பெருந்திரளான முஸ்லிம் மக்களை வாயில்லா மாடுகளை ஓட்டுவதுபோல அங்கே ஆள்கிறார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் சில இளைஞர்கள் வருகிறார்கள். ஷேக் அப்துல்லா 1905-இல் ஸ்ரீநகரை ஒட்டிய சௌராவில் பிறந்தவர், சால்வை வியாபாரக் குடும்பம். பிறக்கும் முன்பே தகப்பனை இழந்தவர். அலிகாரில் வேதியியலில் முதுகலை முடித்து 1930-இல் ஊர் திரும்பினார். கிடைத்தது பள்ளி ஆசிரியர் வேலை. ஆம், உங்களைப் போல ஓர் ஆசிரியர். படித்து வேலையில்லாமல் இருந்த நாலைந்து பேர் சேர்ந்து ஸ்ரீநகரின் ஃபதே கதலில் ஒரு படிப்பகம் வைத்தார்கள். அரசியல் கட்சிக்கு அனுமதி இல்லாத ஊரில் பத்திரிகை படிக்கிறோம் என்று சொல்லிக் கூடுவதுதான் ஒரே வழி. படிப்பகத்தில் தொடங்கிய அரசியலை நம் பிள்ளைகளுக்கு விளக்கவா வேண்டும்? இங்கே எத்தனை இயக்கங்களுக்குப் படிப்பகமும் முடிதிருத்தகமும் தாய்வீடாக இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும்.

1931 கோடையில், கான்காஹ்-இ-மௌலா தர்காவில் நடந்த கூட்டத்தில் மன்னருக்கு எதிராகப் பேசியதற்காக அப்துல் கதீர் என்ற வெளியூர்க்காரரைக் கைது செய்தார்கள். விசாரணையை நீதிமன்றத்தில் வைத்தால் கூட்டம் கூடும் என்று ஸ்ரீநகர் மத்திய சிறைக்குள்ளேயே வைத்தார்கள். ஜூலை 13 அன்று கூட்டம் சிறை வாசலுக்கே வந்துவிட்டது. துப்பாக்கிச் சூட்டில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 22 என்றே அங்கே எண்ணிக்கை நிலைத்திருக்கிறது. தொழுகை நேரத்தில் பாங்கு சொல்ல ஒருவர் எழுந்தார், சுடப்பட்டு விழுந்தார், விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்தார், அவரும் விழுந்தார், இப்படி 22 பேர் சேர்ந்து ஒரு பாங்கைச் சொல்லி முடித்தார்கள் என்று ஒரு கதை அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அப்படியே நடந்ததா என்பதைவிட, ஒரு சமூகம் தன் அரசியலின் பிறப்பை இப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் மாணவர்கள் அறிய வேண்டியது. அந்த நாள் பல பத்தாண்டுகள் அரசு விடுமுறையாக இருந்தது. 2020-க்கான பட்டியலில் அதை எடுத்துவிட்டார்கள். 2025 ஜூலையில், தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர் உமர் அப்துல்லா அந்தத் தியாகிகளின் கல்லறைக்குள் போகக் கேட்டின் மேல் ஏறிக் குதிக்க வேண்டியிருந்தது. நான்கு வரி நோட்ஸ் படித்த பிள்ளைக்கு இந்தச் செய்தி எப்படிப் புரியும்?

அடுத்து நடந்ததை வகுப்பில் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 1932-இல் அவர்கள் தொடங்கிய கட்சியின் பெயர் முஸ்லிம் மாநாடு. அப்துல்லா தலைவர், ஜம்முவைச் சேர்ந்த சௌத்ரி குலாம் அப்பாஸ் பொதுச் செயலாளர். ஏழாண்டு கழித்து, 1939 ஜூனில், ஸ்ரீநகர் பத்தர் மசூதியில் கூடி, அந்தப் பெயரைத் தேசிய மாநாடு என்று மாற்றினார்கள். காஷ்மீர் இந்துக்களான பண்டிட்டுகளுக்கும் சீக்கியர்களுக்கும் கதவு திறந்தது. இந்த மாற்றம் மேலேயிருந்து வந்த உத்தரவு அல்ல. பிரேம்நாத் பஜாஜ் என்ற பண்டிட், 1931-க்குப் பிறகு அமைந்த கிளான்சி விசாரணைக் குழுவில் இருந்து முஸ்லிம்களின் குறைகளை நியாயம் என்று ஒப்புக்கொண்டு, சொந்தச் சமூகத்தின் கோபத்தைச் சம்பாதித்தவர். அவரும் அப்துல்லாவும் சேர்ந்து 1935-இல் 'ஹம்தர்த்' என்ற வார இதழ் நடத்தினார்கள். அரசு வேலையை உதறிவிட்டு விவசாயிகளுக்காகப் பேசிய சர்தார் புத் சிங், பண்டிட்டான காஷ்யப் பந்து, மௌலானா மஸூதி போன்ற தலைவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் அது. அந்தக் காலத்தில் துணைக்கண்டத்தின் மற்ற இடங்களில் அரசியல் மதவாரியாகப் பிரிந்துகொண்டிருந்தது. இங்கே எதிர்த்திசையில் ஓர் அடி வைத்தார்கள். எல்லோரும் ஏற்கவில்லை. குலாம் அப்பாஸ் 1941-இல் பிரிந்து முஸ்லிம் மாநாட்டை மறுபடி உயிர்ப்பித்தார். 1944-இல் ஸ்ரீநகர் வந்த ஜின்னாவும் அவர்கள் பக்கமே நின்றார்.

அதே 1944-இல் 'நயா காஷ்மீர்' என்ற திட்ட ஆவணம் வந்தது. லாகூரிலிருந்து வந்த இடதுசாரிகள், முக்கியமாக பி.பி.எல். பேடி, எழுதிக் கொடுத்தது. சோவியத் வாடை தூக்கலாக அடிக்கும். ஆனால் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை, பெண்களுக்குத் தனி உரிமைப் பட்டியல், உழுபவருக்கு நிலம் என்று ஒரு சமஸ்தானக் கட்சி மன்னர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தது சாதாரணம் அல்ல. 1946 மே மாதம் "காஷ்மீரை விட்டு வெளியேறு" என்று மன்னரைப் பார்த்துச் சொன்னார்கள். அப்துல்லாவுக்கு மூன்றாண்டுச் சிறை. ஆதரவாக வந்த நேருவையே கோஹாலாப் பாலத்தருகே மறித்துக் காவலில் வைத்தார்கள். அப்துல்லா வெளியே வந்தது 1947 செப்டம்பர் 29. அடுத்த மாதம் 22-ஆம் தேதி முஸாஃபராபாத் பக்கமிருந்து படை நுழைந்தது. மன்னர் ஜம்முவுக்குப் போய்விட்டார். ஸ்ரீநகரின் பாலங்களையும் வங்கிகளையும் காத்து நின்றவர்கள் தேசிய மாநாட்டின் தொண்டர்கள். அதில் துப்பாக்கி பிடிக்கப் பழகிய பெண்களும் இருந்தார்கள். பாரமுல்லாவில் மக்பூல் ஷெர்வானி என்ற இளைஞன் படையெடுத்து வந்தவர்களைத் தவறான வழியில் திருப்பிவிட்டு நேரம் வாங்கிக் கொடுத்தான் என்பார்கள். அவன் சுட்டுக்கொல்லப்பட்டபோது வயது பத்தொன்பது. உங்கள் வகுப்பில் இருப்பவர்களைவிட இரண்டு வயதுதான் மூத்தவன்.

பத்திரத்தில் கையெழுத்து மன்னருடையது. அந்தக் கையெழுத்துக்குக் கீழே மக்கள் பக்கமிருந்து ஒரு சம்மதம் இருந்தது என்றால், அது இந்த மனிதர்கள் சேர்த்துக் கொடுத்தது. அதைச் சொல்லாமல் இணைப்பை எப்படி விளக்குவீர்கள்?

எல்லைக்கோட்டின் அந்தப் பக்கத்தை, பாகிஸ்தான் வசம் போன பகுதியையும் விட்டுவிடாதீர்கள். பூஞ்சில் மன்னரின் வரிக்கு எதிராக ஏற்கெனவே கிளர்ச்சி மூண்டிருந்தது. அங்கிருந்து வந்த சர்தார் இப்ராஹிம் கான், முப்பத்திரண்டு வயது வழக்கறிஞர், 1947 அக்டோபர் 24 அன்று ஆசாத் காஷ்மீர் அரசின் முதல் தலைவரானார். கில்கித்தில் நவம்பர் 1 அன்று வேறொரு கலகம், வேறொரு கொடி. ஜம்முவில் முஸ்லிம்களும், மீர்பூர், முஸாஃபராபாத் பக்கம் இந்துக்களும் சீக்கியர்களும் அந்த இலையுதிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 'காஷ்மீர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை நிலங்கள், இத்தனை துயரங்கள். வரைபடத்தில் ஒரே வண்ணம் அடிக்கும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

நிலச் சீர்திருத்தத்துக்கு ஒரு முழு வகுப்பு கொடுத்தாலும் தகும். 1948-இல் ஷேக் அப்துல்லா பிரதமரானார். அப்போது அங்கே அந்தப் பதவிக்கு அதுதான் பெயர், 1965 வரைக்கும் அப்படித்தான். வருவாய்த் துறை மிர்ஸா அஃப்சல் பேக் கையில். 1950-இல் வந்த சட்டப்படி ஒருவர் 182 கனாலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 22¾ ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருக்கக் கூடாது. மிச்சம் உழுதவருக்கு. இழப்பீடு ஒரு பைசா கிடையாது. நம் மாநிலத்தில் உச்சவரம்புச் சட்டம் வந்தது 1961-இல், அதுவும் 30 தர ஏக்கர் என்று. தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். மீதியைப் பிள்ளைகளே கேட்பார்கள். அதில் குறையும் இருந்தது. பழத்தோட்டங்களுக்கு வரம்பு இல்லை, எனவே வயலைத் தோட்டமாகக் காட்டித் தப்பித்தவர்கள் உண்டு. ஜம்முவில் நிலம் இழந்தவர்களில் பலர் இந்துக்கள் என்பதால் அந்தக் கோபம் வேறு வடிவம் எடுத்தது. ஆனாலும் காஷ்மீர்க் கிராமத்தில் ஒரு தலைமுறை கழித்தும் ஷேக்கின் படம் சுவரில் தொங்கியதற்குக் காரணம், அவருடைய பேச்சு அல்ல, இந்த நிலம்.

அவரைத் தெய்வமாக்கிப் பாடம் நடத்துங்கள் என்று நான் கேட்கவே இல்லை. 1951-இல் நடந்த காஷ்மீரின் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் 75 இடங்களிலும் தேசிய மாநாடே வென்றது. 73 இடங்களில் போட்டியே இல்லை. எதிர்த்து நின்ற ஜம்மு பிரஜா பரிஷத் கட்சியின் வேட்புமனுக்கள் தள்ளப்பட்டன, அவர்கள் விலகிக்கொண்டார்கள். ஒன்றாகப் பத்திரிகை நடத்திய பஜாஜ், கருத்து மாறுபட்டதும் அப்துல்லாவின் ஆட்சியிலேயே சிறைக்குப் போனார், பிறகு காஷ்மீரை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 1978-இல் விசாரணையின்றி ஆளைச் சிறைவைக்கும் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் ஷேக்தான். அதே சட்டத்தில் 2019-இல் அவர் மகன் ஃபாரூக்கும் 2020-இல் பேரன் உமரும் காவலில் வைக்கப்பட்டார்கள். இத்தனையும் சொல்லுங்கள். ஒருவரைத் தியாகி அல்லது துரோகி என்று இரண்டில் ஒன்றாக அடைத்தால்தான் மதிப்பெண் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதை உடைக்க இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1953 ஆகஸ்ட் 8 இரவு அவரைப் பதவிநீக்கம் செய்து, விடியும் முன் குல்மார்கில் கைது செய்தார்கள். சபையில் தம் பெரும்பான்மையை நிரூபிக்க அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. நண்பர் நேரு இந்தியப் பிரதமராக இருந்த காலத்தில், துணைப் பிரதமராக இருந்த பக்ஷி குலாம் முகமதுவே காஷ்மீரின் அடுத்த பிரதமராக அமர்ந்தார். அதன்பின் 22 ஆண்டுகளில் பெரும்பகுதி சிறை, வீட்டுக் காவல், சொந்த மாநிலத்துக்குள் நுழையத் தடை என்றே கழிந்தது. தம் வாக்கால் ஓர் ஆட்சி வரும், தம் வாக்கால் போகும் என்று ஒரு மக்கள் நம்பத் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகூட ஆகவில்லை. அந்த நம்பிக்கை அந்த ஓர் இரவில் முறிந்தது. 1947-ஐ மனப்பாடம் செய்யும் மாணவர்கள் 1953-ஐயும் அறிய வேண்டும் என்பதுதான், ஒரே ஒரு வேண்டுகோளுக்குத்தான் இடம் என்றால், நான் வைக்கும் வேண்டுகோள்.

இதில் நம்மவர்களின் கையும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வாசல். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த என். கோபாலசாமி அய்யங்கார் 1937 முதல் 1943 வரை அந்த சமஸ்தானத்தின் பிரதமர். காஷ்மீருக்குத் தனி நிலை தந்த, பின்னாளில் 370 ஆன பிரிவை 1949 அக்டோபர் 17 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்து விளக்கியவரும் அவரே. 1974-இல் இந்திரா காந்தி சார்பில் அஃப்சல் பேக்குடன் உட்கார்ந்து பேசி, அடுத்த ஆண்டு ஷேக் முதலமைச்சராகத் திரும்ப வழிசெய்த ஜி. பார்த்தசாரதி, அந்த அய்யங்காரின் மகன். 1963-இல் பக்ஷி பதவியை விட்டு இறங்கியது காமராஜர் திட்டத்தின்கீழ். 1964 ஏப்ரலில் விடுதலையான ஷேக், பாகிஸ்தானுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் சென்னைக்கு வந்து ராஜாஜியைப் பார்த்து நெடுநேரம் பேசினார். மே 27-ஆம் தேதி நேரு இறந்த செய்தி வந்தபோது அவர் முஸாஃபராபாத்தில் இருந்தார். பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் கைதானார், பிறகு எங்கள் மலைக்கு வந்தார்.

ஷேக் 1982 செப்டம்பர் 8 அன்று காலமானார். ஸ்ரீநகர் அதுவரை காணாத கூட்டம் பின்னால் நடந்தது. ஏழெட்டு ஆண்டுகளில், ஹஸ்ரத்பல் ஏரிக்கரையில் இருக்கும் அவர் சமாதிக்கே போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறை அவரைச் சிங்கம் என்றது, அதன் பிள்ளைகள் சமாதியை இடிக்கத் துடித்தார்கள். அந்தப் பழைய கூட்டத்தின் மௌலானா மஸூதியை 1990 டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டில்தான் பஜாஜும் பந்துவும் பிறந்த சமூகம் கூட்டத்தோடு பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியது. இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று ஒரு மாணவி கேட்டால், அவளுக்குப் பதில் சொல்ல 1931-உம் 1939-உம் 1953-உம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பாடப்புத்தகம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாடவேளை போதும். ஷேக், பஜாஜ், குலாம் அப்பாஸ், இப்ராஹிம் கான் என்று நான்கு பெயரை நான்கு மூலையில் எழுதி, ஒவ்வொருவர் பக்கமும் நின்று பேச நான்கு பிள்ளைகளை விடுங்கள். ஒரே மாநிலத்தில், ஒரே மன்னருக்கு எதிராகப் புறப்பட்டவர்கள் ஏன் நான்கு வழியில் போனார்கள் என்று அவர்களே வாதாடட்டும்.

கோடைக்குச் சுற்றுலா கூட்டிப் போகும் பள்ளிகள் எத்தனையோ. படகுத்துறையில் வரிசை நீளமாக இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளை அந்தப் பங்களா இருக்கும் சாலைப்பக்கம் நடத்திக் கூட்டிப் போங்கள். அரையாண்டு விடுமுறையில் என் மகளை நான் கூட்டிப் போகிறேன். அவள் நோட்டில் நான்காவது வரிக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது, அதையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

மரியாதையுடன்,
ஒரு மாணவியின் தந்தை
வத்தலக்குண்டு